அறுத்துக்கட்ட வழியில்லாதவர்கள்

ஏற்காடு தேனிலவு ஊர். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் ஏரி, படகுத்துறை, பகோடா முனை, லேடீஸ் சீட். இன்னும் தள்ளிப் போனால் காப்பித் தோட்டங்களைக் கடந்து கரடியூர் காட்சிமுனை. எங்கு திரும்பினாலும் ஜோடிகள். தாலி இல்லாத பெண்ணோடு ஓர் ஆண் விடுதி வாசலில் போய் நின்றால் வரவேற்பில் இருப்பவரின் பார்வை அவள் கழுத்துக்குப் போகும், அங்கிருந்து ஆதார் அட்டையின் முகவரிக்குப் போகும். இரண்டு பெண்கள் போய் நின்றால் ஒரு கேள்வியும் கிடையாது. சாவியைக் கொடுத்துவிட்டு, "எக்ஸ்ட்ரா பெட் வேணுமாக்கா?" என்பார்கள்.

முந்தைய ஜோடியின் சங்கடம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2019இல் கோவையில் ஒரு தங்கும் விடுதியில் மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி வருவாய்த் துறை விடுதியைப் பூட்டி முத்திரை வைத்தது. அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பெண்களுக்காக அப்படி ஒரு தீர்ப்பு தேவைப்படவில்லை. அவர்கள் யார் கண்ணிலும் ஜோடியாகப் படுவதேயில்லை.

இப்படிக் கண்ணில் படாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதன் நிழலில்தான் சேர்ந்து படித்தார்கள், ஒரே அறையில் குடியிருந்தார்கள், கோயில் குளம் போனார்கள். ஆனால் இதற்கான விலையை அவர்கள் காதல் தொடங்கும்போது கொடுப்பதில்லை. அது முடியும்போதுதான் கொடுக்கிறார்கள். ஓர் உறவு இருந்தது என்றே யாரும் எண்ணாத இடத்தில், அது முடிந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? முடிந்ததைச் சொல்லாமல் அடுத்ததை எப்படித் தொடங்குவது? பெண்–பெண் காதலைப் பற்றி நம் சட்டமும் சினிமாவும் ஊடகமும் கடந்த முப்பது ஆண்டுகளில் பேசியது ஏறக்குறைய முழுவதும் தொடக்கத்தைப் பற்றித்தான். வீட்டை எதிர்ப்பது, ஓடிப்போவது, ஆட்கொணர்வு மனு, சேர்ந்து வாழ அனுமதி. அதற்குப் பின் வரும் ஆண்டுகளைப் பற்றி மௌனம்.

மனித உறவு முடிவதற்கு வழி வகுப்பது நாகரிகத்தின் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையே சான்று. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி தாங்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாகக் கதை. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகள் இந்த மலைகளின் மணவழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் முகஞ்சுளித்துக்கொண்டே ஒரு செய்தி சொல்கின்றன. மணமான பெண் கணவனை விட்டுத் தன் இனத்துக்குள்ளேயே வேறொருவனோடு வாழப் போகலாம். குழந்தைகள்மீதான உரிமை முதல் கணவனுக்கு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இது ஒழுக்கக் குறைவாகப் பட்டது. எனக்கு இது ஒரு நிர்வாக ஏற்பாடாகப் படுகிறது. பெண்ணுக்கு முழுக்க நியாயமான ஏற்பாடு அல்ல, பிள்ளைகளை விட்டுத்தான் போக வேண்டும். ஆனாலும் போகலாம். போனது ஊருக்குத் தெரியும். போனவள் புது வீட்டில் ஒளிந்து வாழ வேண்டியதில்லை.

சமவெளியிலும் இது இருந்தது. அறுத்துக்கட்டுகிற வழக்கம் உள்ள சாதிகள் தமிழ்நாட்டில் ஏராளம். பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு, பரியத்தைத் திருப்பிக் கொடுத்து, 'அத்துவிட்டாச்சு' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் இருவரும் வேறு மணம் செய்துகொள்ளலாம். மேல்சாதி வழக்கத்தைப் பார்த்து இதை இழிவாகப் பேசக் கற்றுக்கொண்டது பிற்பாடு.

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியமே இருக்கிறது. காதலித்தவர்கள் பொய் சொல்லவும் தவறிழைக்கவும் தொடங்கிய பிறகுதான் மணச்சடங்கை வகுத்தார்கள் என்பது கற்பியலின் கூற்று. அதாவது தமிழ் மரபின் மிகப் பழைய இலக்கண நூல், திருமணத்தின் பிறப்பைக் காதலின் வெற்றியில் வைக்கவில்லை, கைவிடுதலில் வைக்கிறது. ஒருவர் மறுத்துப் பேசக்கூடும், விட்டுப் போகக்கூடும் என்பதால்தான் சாட்சி வேண்டியிருந்தது. ஒருபால் திருமணத்தைப் பற்றி வாதாடும் இருதரப்பும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு தரப்பு அதைப் புனிதம் என்கிறது, மறுதரப்பு அதைக் காதலுக்கான அங்கீகாரம் என்கிறது.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். 1987 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தில் லீலா நாம்தேவ், ஊர்மிளா ஸ்ரீவாஸ்தவா என்ற இரண்டு பெண் காவலர்கள் சடங்கு செய்து மணந்துகொண்டதும், அடுத்த ஆண்டு செய்தி வெடித்து வேலையிழந்ததும் நாடறிந்த கதை. அங்கிருந்து 2021க்கு வந்தால், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். ஒருபால் ஈர்ப்பை 'குணப்படுத்தும்' சிகிச்சைகளுக்குத் தடை, காவல் துறைக்குக் கட்டுப்பாடு என்று நீளும் உத்தரவு அது. அதன் தொடர்ச்சியாகத் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது. தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய 'சிகிச்சை'யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்து வழக்கொன்றில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லி, வீட்டாரால் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணைத் தன் இணையுடன் போகவிட்டார்கள். எல்லாமே மதிக்கத்தக்க தீர்ப்புகள். எல்லாமே தொடக்கத்தைக் காக்கும் தீர்ப்புகள்.

இவற்றுக்கு நடுவே வேறுவிதமான ஒரு வழக்கு கிடக்கிறது. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன தேவு ஜி. நாயர் வழக்கு. தன் இணையை அவள் பெற்றோர் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் ஆட்கொணர்வு மனு போட்டார். கேரள உயர் நீதிமன்றம் அந்த இணையை ஆலோசனைக்கு அனுப்பியது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், ஒரு மூத்த பெண் நீதித்துறை அதிகாரியை அனுப்பி அவளைத் தனியாகச் சந்தித்துக் கேட்க வைத்தது. மனுதாரர் தனக்கு நெருங்கிய தோழி என்றும், ஆனால் இப்போதைக்கு யாரையும் மணக்கவோ யாருடனும் சேர்ந்து வாழவோ விருப்பமில்லை என்றும், பெற்றோருடன் இருப்பது தன் விருப்பமே என்றும் அவள் சொன்னாள். 2024 மார்ச் 11 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. கூடவே இனி இத்தகைய வழக்குகளை எப்படி நடத்துவது என்று நெறிமுறைகளையும் வகுத்தது. அவளைத் தனியறையில் கேட்க வேண்டும், பெற்றோர் தரும் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும், இருவருக்கும் இடையிலான உறவு எத்தகையது என்று துருவக் கூடாது.

நான் பலமுறை திரும்பிப் போகும் இடம் இது. அவள் சொன்னது என்ன? வீட்டாரின் பிடியில் நடுங்கிச் சொன்ன சொல்லா? அல்லது, காதல் முடிந்துபோன ஒரு பெண் நாகரிகமாகச் சொன்ன விடைபெறலா? இரண்டுமே நடக்கக்கூடியவை, சேர்ந்தும் நடக்கக்கூடியவை. ஆண்–பெண் ஜோடியில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ள நமக்குப் பழக்கம் உண்டு. காரணம், அங்கே முறிவு என்பது நடக்கக்கூடிய ஒரு காரியம் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்தப் பழக்கம் இல்லாததால், விட்டுப்போனவள் ஒன்று கைதி ஆகிறாள், இல்லையென்றால் 'திருந்தியவள்' ஆகிறாள். வெறுமனே விட்டுப்போனவளாக இருக்க அவளுக்கு வழியில்லை. துருவக் கூடாது என்ற நெறிமுறை கண்ணியமானது, தேவையானதும்கூட. ஆனால் அதன் பக்கவிளைவாக, நீதிமன்ற ஆவணத்தில் அந்த உறவு இருந்ததா, முடிந்ததா என்பதற்கு வரி ஒன்றும் இல்லை. விடப்பட்டவளுக்குக் கையில் கிடைத்தது தள்ளுபடி உத்தரவு மட்டும்.

'திருந்தியவள்' என்ற அந்தச் சொல்தான் வீடுகளில் மிகப்பெரிய கேடு செய்கிறது. ஒரு பெண் தன் இணையைப் பிரிந்த செய்தி எப்படியோ அம்மா காதுக்கு எட்டினால், அங்கே ஆறுதல் வராது, ஜாதகம் வரும். "அப்பவே சொன்னேன்ல, வயசுக் கோளாறு" என்பார்கள். முறிவு, சொஸ்தமானதன் அறிகுறியாகிவிடும். மகன் காதலில் தோற்றால் அவனுக்குத் தாடி வளர்க்கவாவது இடம் கொடுக்கும் வீடு, மகளின் துக்கத்தைத் தன் வெற்றியாகக் கொண்டாடும். இதற்கு அஞ்சியே உப்புச்சப்பற்றுப் போன உறவையும், சில நேரம் அடி உதை உள்ள உறவையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பிரிந்தால் அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடுமே!

அடி உதை என்றேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணம் போன்ற உறவில் வாழ்பவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' என்றிருந்த சொற்களை 2016இல் ஹிரல் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. எனவே மாமியார்மீதும் நாத்தனார்மீதும் நேராக வழக்குப் போடலாம். ஆனால் இரண்டு பெண்களின் வாழ்க்கை 'மணம் போன்ற உறவு' என்பதற்குள் வருகிறதா? 2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் திருமணம் கோரிய சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமண உரிமையை மறுத்தார்கள். சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் போனது. எனவே இருவர் சேர்ந்து வளர்க்கும் குழந்தை சட்டப்படி ஒருத்தியின் குழந்தை. பிரிந்தால் மற்றவளுக்குப் பார்க்கும் உரிமைகூட இல்லை. தர்ஸ்டன் எழுதிய மலைப் பெண்ணாவது பிள்ளையைக் கணவனிடம் விட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு பெண் ஆணுடனான மணத்திலிருந்து விலகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பெண்ணைக் காதலிக்கத் தொடங்குவது தனிக் கதை. நம் நாட்டில் இதுவே அதிகம் நடப்பதாக இருக்கலாம், ஏனென்றால் நம் பெண்களில் பெரும்பாலோர் தங்கள் மனம் இன்னதென்று அறியுமுன்பே மணமேடை ஏறிவிடுகிறார்கள். மாயா சர்மா வட இந்திய உழைக்கும் பெண்களிடையே அலைந்து 2006இல் வெளியிட்ட நூலில் அத்தகைய மனைவிகள் வருகிறார்கள். தீபா மேத்தாவின் 'ஃபயர்' படமும் இதைத்தான் சொன்னது. செத்துப்போன இரண்டு மணங்களுக்கு நடுவே ஓரகத்திகள் இருவர் ஒருவரையொருவர் கண்டடைவது. 1998 இறுதியில் இந்தியத் திரையரங்குகளில் அது வெளியானபோது, மும்பையிலும் டெல்லியிலும் சிவசேனைக்காரர்கள் கண்ணாடியை உடைத்தார்கள். அந்தப் படத்தைத் துணிவுக்காகப் பாராட்டுகிறேன், ஆனால் அதன் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கணவன் துறவு பூண்டவன், மற்றவன் வேறொருத்தியிடம் மயங்கியவன். புருஷன் சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று பார்வையாளர் நினைத்துக்கொள்ள வாசலைத் திறந்தே வைக்கிறது படம்.

இதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே, 1952இல், அமெரிக்க எழுத்தாளர் பாட்ரிசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் எழுதிய நாவல் இந்த விஷயத்தில் கூர்மையானது. விவாகரத்தின் நடுவில் இருக்கும் கரோல், காதலனிடம் மனம் ஒட்டாத தெரஸ். கரோலின் கணவன் மோசக்காரன் என்பதற்காக அவள் தெரஸிடம் போவதில்லை. விலை மட்டும் பெரியது. மகள்மீதான உரிமையை இழக்கிறாள். அந்த நாவலில் எனக்குப் பிடித்த பாத்திரம் மூன்றாமவள், ஆபி. அவள் கரோலின் முன்னாள் காதலி. முடிந்துபோன உறவிலிருந்து நட்பாக எஞ்சியவள், நெருக்கடியில் கரோல் முதலில் கூப்பிடுவதும் அவளைத்தான். அதாவது பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவே காதல் முடியலாம், முடிந்த பின்னும் ஏதோ ஒன்று மிஞ்சலாம், புதியது அதன் பக்கத்திலேயே தொடங்கலாம் என்று அந்த நாவல் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது. மானுடவியலாளர் கேத் வெஸ்டன் 1991இல் சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி எழுதிய ஆய்வு இதை உறுதி செய்கிறது. பிறந்த வீடு கைவிட்டவர்களுக்கு, முன்னாள் காதலர்களே உறவினர்களாக மாறுகிறார்கள்.

தமிழில் இந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. 2025 பிப்ரவரி 14 அன்று வெளியான ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை' நல்ல முயற்சி. மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவருகிறாள், முற்போக்கான அம்மா அதிர்ந்துபோகிறாள். ரோகிணி நடித்த அந்த அம்மா கணவரைப் பிரிந்து வாழ்பவர். தன் பிரிவுக்கு யாரிடமும் இடம் கேட்க வேண்டியிராதவர், மகளின் காதலுக்கு இடம் கொடுக்கத் திணறுகிறார். படம் அந்த முரணை இன்னும் நோண்டியிருக்கலாம். எப்படியோ, அதுவும் தொடக்கத்தின் கதைதான்.

சென்னையில் பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் பேசிக்கொள்ளும்போது 'எக்ஸ்' என்ற சொல் அடிக்கடி வரும், ஒரு சிரிப்போடு. வட்டம் சிறியது. உன் எக்ஸ் என் தோழியின் இப்போதைய இணை, நாம் எல்லோரும் ஒரே வாட்ஸாப் குழுவில். புதுக் காதல் பழையதன் கண்முன்னாலேயே முளைக்க வேண்டியிருக்கிறது. ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் முந்தின வாரம் வரை ஊருக்கு 'ரூம்மேட்', இந்த வாரம் வந்தவளும் 'ரூம்மேட்'. வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது, அலுவலகத்துக்குத் துக்க விடுப்பு கேட்க முடியாது. பிரிவுக்குத் தேதி இல்லாததால் துரோகத்துக்கும் தேதி சொல்ல முடிவதில்லை. எப்போது முடிந்தது, அதற்கு முன்பா பின்பா மற்றவள் வந்தாள் என்ற சண்டை, ஊர் முன்னால் அத்துவிட முடிந்தவர்களுக்கு இவ்வளவு நீளாது.

அங்கீகாரம் கிடைத்த நாடுகளில் முடிவும் கூடவே வந்தது. அமெரிக்காவில் முதன்முதலில் ஒருபால் திருமணத்துக்கு வழிவிட்டது மாசசூசெட்ஸ் மாநிலம். அந்த வழக்குக்குப் பெயர் தந்த ஜூலி, ஹில்லரி குட்ரிட்ஜ் இணை 2004 மே 17 அன்று, அனுமதி வந்த முதல் நாளிலேயே மணந்தது, 2006இல் பிரிந்தது, 2009இல் விவாகரத்து கோரியது. எதிர்ப்பாளர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2019இல் 822 ஒருபால் விவாகரத்துகள் நடந்தன. அவற்றில் 72 சதவீதம் பெண் இணைகளுடையவை. இந்த எண்ணைத் தோல்வி என்று வாசிப்பவர்கள் உண்டு. பொதுவாகவே விவாகரத்தைக் கோருவது பெண்கள்தான் அதிகம் என்பதையும், பெண் இணைகளில் இருவருமே பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு குறையும். எதிர்த் திசையில் இலங்கை. அங்கே 1995இல் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவைத் திருத்தியபோது 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போட்டார்கள், அதுவரை சட்டத்தின் கண்ணில் படாமலிருந்த பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். 2022இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு, ரோசன்னா ஃப்ளேமர்-கல்தேரா தொடுத்த முறையீட்டில் இதை உரிமை மீறல் என்றது. அங்கே முறிவின் நாளில் முன்னாள் இணையிடம் இருக்கும் புகைப்படமும் குறுஞ்செய்தியும் மிரட்டுவதற்கான கருவிகள்.

தமிழ்நாட்டில் ஒரு திறப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருபால் இணைகள் தங்கள் கூட்டு வாழ்க்கையைப் பதிவுசெய்துகொள்ளக் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் ஒன்றைப் பரிசீலிக்குமாறு அரசுக்குச் சொன்னார். குஜராத்தில் 'மைத்ரி கரார்' என்ற நட்பு ஒப்பந்தம் இதற்கு முன்னோடி. மணமான ஆண்கள் இரண்டாவது பெண்ணை வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த குறுக்குவழி அது. பின்னாளில் பெண் இணைகள் சிலர் அதே முத்திரைத்தாளைத் தங்களுக்காக எழுதிக்கொண்டார்கள். தமிழகத்து ஒப்பந்தம் எழுதப்படும் நாளில், நான் முதலில் தேடிப் படிக்கப்போவது சேர்ந்து வாழும் ஷரத்தை அல்ல. வாடகை முன்பணம் யாருக்கு, கூட்டாகக் கட்டிய தவணை யாருக்கு, வளர்த்த குழந்தையை யார் எந்தக் கிழமை பார்ப்பது, எத்தனை நாள் அறிவிப்பு கொடுத்து விலகுவது என்ற பகுதியைத்தான். திருமணப் பதிவை விடவும் இதைக் கொடுப்பது அரசுக்கு எளிது. இதில் புனிதம் ஒன்றும் கெடப்போவதில்லை.

அதுவரை இந்த நாட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பிரிந்து மூன்றாமவளிடம் போனதற்கு அரசுப் பதிவு என்று ஏதேனும் உண்டென்றால், அது வங்கியில்தான். ஒருபால் இணைகள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நியமனதாரராகக் குறிப்பிடவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று விளக்கம் தந்தது. 1985ஆம் ஆண்டு விதிகளின்படி நியமிக்க ஒரு படிவம், ரத்து செய்ய ஒரு படிவம், ஆளை மாற்ற ஒரு படிவம் என மூன்று இருந்தன. 'உறவு, ஏதேனும் இருந்தால்' என்று ஒரு கட்டமும் நியமனப் படிவத்தில் இருந்தது. பெரும்பாலும் 'தோழி' என்று எழுதுவார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புத்தொகைக்கு நான்கு பேர் வரை சதவீதம் பிரித்து நியமிக்கலாம். முன்னாளுக்கு இருபது, இந்நாளுக்கு எண்பது என்று எழுதினால் வங்கி மேலாளர் காரணம் கேட்கமாட்டார்.